மாராவின் பெட்டிமேல் ஒரு பணத்தாள்: தாவீத்தைத் தேடி ஆறு நாள்

முதல் நாள், செவ்வாய்

செவ்வாய்க்கிழமை லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த இந்தச் செய்தி, கண்ணாடிப் பிரமிடின் முன்னால் போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்த்து ஊரைவிட்டுக் கிளம்பியவன் கிழமையைப் பார்க்கவில்லை. போனில் சொன்னதும் மகள் சிரித்துத் தீர்த்தாள். "சரி அப்பா, உங்கள் ஆளுக்கு வேறு விலாசமே கிடையாதா?" என்றாள்.

இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது.

"என் ஆள்" என்று அவள் சொன்னது ழாக்-லூயி தாவீத்தை. ஆங்கில வழியாக அறிந்தவர்கள் டேவிட் என்பார்கள். பிரெஞ்சு நவசெவ்வியல் ஓவியம், அதாவது பழைய கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட ஓவியம் என்றால் முதலில் வாயில் வரும் பெயர். 1748-இல் இதே பாரிஸில் பிறந்தார். பதினாறாம் லூயியின் அரசாங்கத்துக்குப் படம் வரைந்தார். அதே லூயியின் தலையை எடுக்க வாக்களித்தார். பிறகு நெப்போலியனின் முதல் ஓவியரானார். நெப்போலியன் வீழ்ந்து பழைய அரச குடும்பம் திரும்பியதும் பிரஸ்ஸல்ஸுக்கு நாடுகடந்து, 1825 டிசம்பர் 29 அன்று அங்கேயே இறந்தார். உடலைப் பிரான்ஸுக்குள் கொண்டுவர அரசு சம்மதிக்கவில்லை. இதயம் மட்டும் பாரிஸ் வந்து சேர்ந்தது. பேர் லாஷேஸ் இடுகாட்டில் மனைவியின் கல்லறையில் அது இருக்கிறது.

நான் ஏன் இந்த மனிதரைத் தேடி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு ஆண்டு ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். உரைகல்லில் ஒரு கீறல், அமிலத்தில் ஒரு சொட்டு, தராசு முள்ளில் ஒரு பார்வை. கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து, இவ்வளவு பெறும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ஓய்வுபெற்ற பிறகு பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் படிக்கப்போய் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. கித்தானும் ஆளிவிதை எண்ணெயும் நிறமண்ணும் சேர்ந்த ஒரு பொருள். அதற்கு உரைகல் எது?

பேர் லாஷேஸில் தூறலில் நனைந்தபடி அந்தக் கல்லறை இருக்கும் 56-ஆம் பிரிவைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் இரண்டு பேர் இசைமேதை ஷோபான் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். தாவீத் எங்கே என்று நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மனைவி ஷார்லோத் பெக்கூல், அரசரின் கட்டடங்களுக்கு ஒப்பந்தம் எடுத்த செல்வந்தரின் மகள். 1782-இல் திருமணம். தாவீத் தம் குடும்பத்தோடு ரோமுக்குப் போய்ப் பெரிய படம் வரைய முடிந்ததற்கு மாமனார் கைப்பணமும் ஒரு காரணம். புரட்சி வந்தது. கணவர் அரசரைக் கொல்லும் கட்சியில் சேர்ந்தார், மனைவி அரச விசுவாசி. 1794-இல் மணவிலக்கு. அதே ஆண்டு, தாவீத் சார்ந்திருந்த புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் விழுந்ததும் தாவீத் சிறைக்குப் போனார். அப்போது அந்த அம்மாள்தான் திரும்பி வந்து அவரைக் கவனித்தார். 1796-இல் இருவரும் மறுபடி மணந்துகொண்டார்கள். நாடுகடந்தபோதும் கூடவே போனார். கணவர் போய்ச் சில மாதங்களில், 1826-இல் தானும் போனார். கல்லறையின் முன்னால் நின்றபோது எனக்கு ஓவியரைவிட இந்த அம்மாளின் நினைவுதான் அதிகம் வந்தது.

இன்றைய செலவு: மெட்ரோ 5 யூரோ. இதயத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

இரண்டாம் நாள், புதன்

நான் போனபோது டிக்கெட் 22 யூரோ. புதன்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருப்பார்கள் என்பதால் கொடுத்த காசுக்குக் கால் ஓயும்வரை நடக்கலாம்.

தாரு கூடம் என்னும் சிவப்புச் சுவர் கொண்ட நீண்ட அறையில்தான் தாவீத்தின் பெரும்படங்கள் மாட்டியிருக்கின்றன. மோனா லிசா இருக்கும் அறை பக்கத்தில் என்பதால் கூட்டம் இந்தக் கூடத்தை வெறும் நடைபாதையாகப் பயன்படுத்துகிறது. அகலவாக்கில் நான்கேகால் மீட்டர், ஐந்தேகால் மீட்டர், ஒன்பதே முக்கால் மீட்டர் என்று படங்கள் நிற்கின்றன. சனம் ஒரு முழ அகலமுள்ள ஒரு சீமாட்டியைப் பார்க்க ஓடுகிறது. எனக்கு வசதியாகப் போயிற்று.

முதலில் 'ஹொராத்தியர் சபதம்'. மூன்று சகோதரர்கள் கை நீட்டி நிற்கிறார்கள், நடுவில் தந்தை மூன்று வாட்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், வலது ஓரத்தில் பெண்கள் துவண்டு கிடக்கிறார்கள். அரசாங்கம் கேட்டது பத்தடிக்குப் பத்தடிப் படம். தாவீத் ரோமுக்குப் போய், பதின்மூன்று அடி அகலத்துக்கு வரைந்துவிட்டு, இது அரசருக்காக அல்ல, எனக்காக வரைந்தது என்கிற தோரணையில் கடிதம் எழுதினார். 1785-இல் ரோமிலும் பாரிஸிலும் கூட்டம் அலைமோதிய பிறகு அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. செய்கூலி பேசாமல் நகையைக் கனமாகச் செய்துவந்து நீட்டும் ஆசாரியை நான் பார்த்திருக்கிறேன். வேலை சுத்தமாக இருந்தால் வாடிக்கையாளர் வாயை மூடிக்கொள்வார்.

இந்தத் துணிச்சல் சும்மா வரவில்லை. ரோமில் படிக்க அரசு கொடுத்த பரிசுக்காக 1771, 1772, 1773 என்று மூன்று முறை போட்டியிட்டுத் தோற்றவர். இரண்டாம் தோல்வியில் அறையைப் பூட்டிக்கொண்டு இரண்டரை நாள் பட்டினி கிடந்து உயிரை விடப் பார்த்தார். 1774-இல்தான் பரிசு கிடைத்தது. தோற்கடித்த கலைக்கழகத்தை அவர் மறக்கவில்லை. புரட்சியில் அதிகாரம் கைக்கு வந்ததும் 1793-இல் அந்தக் கழகத்தையே கலைக்கச் செய்தார். பகையைக்கூட வட்டியோடு வசூலிக்கிற மனிதர்.

எதிர்ச்சுவரில் நெப்போலியனின் முடிசூட்டு விழா. 1804 டிசம்பர் 2 அன்று நடந்த விழாவை 1807 வரை வரைந்தார். 6.21 மீட்டர் உயரம், 9.79 மீட்டர் அகலம். மனம் பழைய பழக்கத்தில் பெருக்கிப் பார்த்தது: ஏறத்தாழ 650 சதுர அடி. சென்னையில் இந்தப் பரப்பில் இரண்டு படுக்கையறை வீடு கட்டி விற்கிறார்கள். கிட்டத்தட்ட இருநூறு பேர் இதில் இருக்கிறார்கள். நடுமாடத்தில் பூரிப்போடு அமர்ந்திருக்கும் நெப்போலியனின் தாயார் அன்று விழாவுக்கே வரவில்லை, மகனோடு மனஸ்தாபம். மேல் மாடத்தில் கையில் தாளோடு தாவீத்தும் இருக்கிறார். இதற்கு அவர் கேட்ட தொகை ஒரு லட்சம் பிராங்க். அரண்மனைக் கணக்கர்கள் மலைத்துப்போய்ப் பேரம் பேசினார்கள். இழுபறி நீண்டு, கைக்கு வந்தது கேட்டதைவிடக் குறைவு. முதல் ஓவியர் என்ற பதவிக்குரிய ஆண்டுச் சம்பளம் 12,000 பிராங்க் தனி.

இந்தப் படத்தில் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றைப் பார்த்தேன். கீழ்விளிம்பு தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் நெப்போலியனின் மனைவி ஜோசஃபினின் அங்கி கிட்டத்தட்ட கண்மட்டத்துக்கு வருகிறது. கருஞ்சிவப்பு வெல்வெட்டில் தங்கச் சரிகைத் தேனீக்கள். பத்தடி தள்ளி நின்றால் பழுத்த பொன். கயிறு அனுமதிக்கும் மட்டும் நெருங்கிக் குனிந்தால் அங்கே தங்கமே இல்லை. மஞ்சள் மண் நிறத்தில் ஒரு தீற்றல், அதன் விளிம்பில் பழுப்பு, முனையில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த வெள்ளைப் புள்ளிதான் மீதி எல்லாவற்றையும் பொன்னாக்குகிறது. முப்பத்தோரு ஆண்டில் எத்தனையோ முலாம் நகைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்படி ஒரு முலாமைப் பார்த்ததில்லை. காவலர் இரண்டு முறை தொண்டையைச் செருமிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஆனால் தாவீத்தின் வியாபார மூளையைப் பார்க்க வேண்டுமானால் 'சபீனப் பெண்கள்' படத்தின் முன்னால் நிற்க வேண்டும். ரோமானியரும் சபீனரும் மோதும் இடத்தில், குழந்தைகளைக் காலடியில் கிடத்திவிட்டு நடுவில் பாயும் பெண். சிறையிலிருந்து மீண்டு, அரசரும் இல்லை, கலைக்கழகமும் இல்லை, கேட்டு வாங்க ஆளே இல்லாத காலத்தில், யாரும் கேட்காமலே வரைந்து 1799-இல் முடித்தார். வாங்க ஆள் இல்லாத சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார்க்கக் காசு கேட்டார். லூவ்ரிலேயே ஓர் அறையில் மாட்டி, நுழைவுக் கட்டணம் 1 பிராங்க் 80 சாந்தீம் என்று அறிவித்தார். ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளத்தை ஒட்டிய தொகை அது. ஓவியத்தைப் பார்க்கக் காசா என்று பாரிஸ் கொதித்தது. பண்டைய கிரேக்க ஓவியர் ஸ்யூக்சிஸும் காசு வாங்கினார், இங்கிலாந்தில் இது வழக்கம்தான் என்று சிறு வெளியீடே அச்சிட்டு விளக்கினார். படத்துக்கு எதிரே பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் போர்க்களத்தின் நடுவில் நீங்களே நிற்பீர்கள். எந்தப் பொருட்காட்சிக்காரருக்கும் இது உடனே புரியும்.

1805 வரை வசூல் 65,000 பிராங்குக்கு மேல். எல்லோரும் முழுக் கட்டணம் கொடுத்தார்கள் என்று வைத்து வகுத்தால் 36,000 தலைக்கு மேல் வருகிறது. அந்தப் பணத்தில் நாட்டுப்புறத்தில் பண்ணை வாங்கினார். படம் மட்டும் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. 1819-இல் இதையும் பக்கத்தில் மாட்டியிருக்கும் 'தெர்மோபிலேயில் லியோனிதாஸ்' படத்தையும் சேர்த்து ஒரு லட்சம் பிராங்குக்குப் பிரெஞ்சு அரசு வாங்கிற்று. அப்போது ஆட்சியில் இருந்தவர் பதினெட்டாம் லூயி, தாவீத் வாக்களித்துக் கொன்ற அரசரின் சொந்தத் தம்பி. விற்றவர் நாட்டுக்குள் கால்வைக்க முடியாமல் பிரஸ்ஸல்ஸில் இருந்தார். கொலைக்கு வாக்களித்தவர் வரக் கூடாது, அவருடைய சரக்கு வரலாம்.

கடைசியாக ரெக்காமியே சீமாட்டி. சாய்ந்த கட்டிலில் வெறுங்காலோடு திரும்பிப் பார்க்கிறாள். 1800-இல் தொடங்கி, இருவருக்கும் ஒத்துவராமல் பாதியில் நின்ற படம். பின்புறம் வெறும் தேய்த்த தூரிகைத் தடம். தாவீத் இறந்த பிறகு 1826-இல் அவர் படங்கள் ஏலத்துக்கு வந்தபோது லூவ்ர் இதை வாங்கிக்கொண்டது. அதே ஏலத்துக்கு இன்னொரு படமும் வந்தது. அதை யாரும் வாங்கவில்லை. அதைப் பற்றிப் பிரஸ்ஸல்ஸில் சொல்கிறேன்.

செலவு: டிக்கெட் 22, உள்ளே காப்பியும் ஒரு ரொட்டியும் 9. காப்பி சுமார்தான்.

மூன்றாம் நாள், வியாழன்

இன்று துரூஓ ஏலக் கூடம். 1852 முதல் பாரிஸின் ஏலங்கள் நடக்கும் இடம். விற்பனைக்கு வரும் பொருளை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. மூன்று தளங்களில் அறை அறையாக நாற்காலி, கடிகாரம், சீனச் சாடி, யாரோ ஒரு பாட்டியின் கரண்டிகள். நம் ஊர் வங்கியில் மூழ்கிப்போன நகைகளை ஏலம் விடும் நாளில் அடிக்கும் அதே காற்று. முன்வரிசையில் தரகர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஓர் அறையில் முழ உயரத்துக்கு ஓர் ஆணின் உருவப்படம். பழுப்புப் பின்னணி, வெள்ளைக் கழுத்துத் துணி, புரட்சிக் கால மூஞ்சி. சீட்டில் "தாவீத்தைப் பின்பற்றியவர்" என்று எழுதி, 800 முதல் 1,200 யூரோ என்று மதிப்பிட்டிருந்தார்கள். என் மகளின் தோழி ஒருத்தி பழம்பொருள் வியாபாரத்தில் இருக்கிறாள், அவள் துணைக்கு வந்திருந்தாள். "அங்கிள், படத்தைப் பார்க்காதீர்கள், சீட்டைப் படியுங்கள்" என்றாள்.

அப்போதுதான் உரைகல் கிடைத்தது. பிரான்ஸில் 1981-ஆம் ஆண்டு அரசாணை ஒன்று இருக்கிறது. ஏலச் சீட்டில் எந்தச் சொல்லுக்கு என்ன உத்தரவாதம் என்று அது வரையறுக்கிறது. வெறுமனே "தாவீத்" என்று போட்டால் அவரே வரைந்தது என்று உறுதி கொடுத்ததாக அர்த்தம். "தாவீத்துடையதாகக் கருதப்படுவது" என்றால் அவர் காலத்துப் படம், அவர் கையாக இருக்க வலுவான காரணம் உண்டு. "தாவீத் பட்டறை" என்றால் அவர் கண்பார்வையில் மாணவர் வரைந்தது. "தாவீத் பள்ளி" என்றால் அவர் உயிரோடு இருந்தபோது அல்லது இறந்து ஐம்பது ஆண்டுக்குள் அவர் வழிவந்தவர் வரைந்தது. "தாவீத் பாணி" என்றால் ஒன்றும் இல்லை, அழகாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 24 காரட், 22, 18, கடைசியில் முலாம். ஒரு படி இறங்கும்போது விலையில் ஒரு சுழி ஓடிவிடலாம்.

தாவீத் விஷயத்தில் இந்தப் படிகள் வழுக்கும். நூற்றுக்கணக்கான மாணவர்கள் அவரிடம் பயின்றார்கள். குரு பாதி, சீடர் பாதி என்று பல படங்கள் வெளியே போயின. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு 1917-இல் தாவீத் என்ற பெயரில் ஒரு படம் வந்தது. சன்னலோரம் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி அமர்ந்து வரையும் இளம்பெண். ஊரே கொண்டாடியது. 1951-இல் ஓர் அறிஞர் இது தாவீத் அல்ல என்றார். இன்று அது மாரி-தெனிஸ் விலேர் என்ற பெண் ஓவியரின் படைப்பு என்று ஏற்றிருக்கிறார்கள். படத்தில் ஒரு தூரிகை மயிர்கூட மாறவில்லை. இது எனக்கு உவப்பாக இல்லை. தங்கத்துக்கு யார் செய்தார் என்று கேட்பதில்லை, எவ்வளவு தங்கம் என்றுதான் கேட்போம். இங்கே எவ்வளவு ஓவியம் என்று கேட்பார் இல்லை.

அசல் தாவீத் ஏலத்துக்கு வருவது அபூர்வம். பெரும்படங்கள் எல்லாம் அரசுச் சுவர்களில் ஆணி அடித்து நிற்கின்றன. எஞ்சியது உருவப்படங்களும் வரைகோடுகளும். பிரான்ஸில் ஒன்று தலைகாட்டினாலும் அரசுக்கு முன்கொள்முதல் உரிமை உண்டு. சுத்தியல் விழுந்த அடுத்த கணம் அரசுப் பிரதிநிதி எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைசியாகக் கேட்ட விலைக்கே பொருள் அருங்காட்சியகத்துக்குப் போகும். ஜெயித்தவர் கையைப் பிசைந்துகொண்டு வெளியே போக வேண்டியதுதான். தேசியப் பொக்கிஷம் என்று முத்திரை குத்தி ஏற்றுமதியை 30 மாதம் தடுத்து வைக்கவும் முடியும். இத்தனைக்கும் பிறகு சந்தையில் விலை எப்படித் தெரியும்?

ஒரு முறை நன்றாகத் தெரிந்தது. 2008 ஜூனில், நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில், தாவீத் 1820-இல் வரைந்த ரமெல் த நொகாரே என்பவரின் உருவப்படம் சுமார் 72 லட்சம் டாலருக்குப் போயிற்று. அன்றைய கணக்கில் 30 கோடி ரூபாய்க்கு மேல். யார் இந்த ரமெல் என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது.

இன்னொரு 72 லட்சமும் இருக்கிறது. தாவீத்தின் சமகாலத்தவரான எலிசபெத் விஜே லெ ப்ரன் 1788-இல் திப்பு சுல்தானின் தூதர் முகம்மது தர்வேஷ் கானை முழு உயரத்துக்கு வரைந்த படம், 2019 ஜனவரியில் நியூயார்க் சோத்பீஸில் அதற்குச் சற்றே குறைந்த தொகைக்கு விற்றது. பழைய காலப் பெண் ஓவியர் யாருக்கும் அதுவரை வராத விலை. அந்தத் தூதுக்குழு கப்பலேறியது புதுச்சேரியில், 1787-இல். வரைந்த படத்தைக் கொடுக்க மாட்டேன் என்று தூதர் தம் அறையில் ஒளித்துவைத்துக்கொண்டதாக அந்த அம்மாள் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நல்ல பொருளைக் கண்டால் விடாத மனிதர்.

நான்காம் நாள், வெள்ளி

வெர்சாய். கூட்டம் தாங்கவில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

முடிசூட்டு விழாப் படத்துக்கு இங்கே ஒரு நகல் இருக்கிறது. நகல் எடுத்தவரும் தாவீத்தான். 1808-இல் அமெரிக்க வியாபாரிகள் கேட்டார்கள் என்று தொடங்கி, நாடுகடந்த பிறகு பிரஸ்ஸல்ஸில் 1822-இல் முடித்தார். பிறகு அது ஊர் ஊராகக் காசுக்குக் காட்டப்பட்டு, 1947-இல்தான் வெர்சாய் வந்தது. நெப்போலியனின் தங்கைகளில் ஒருத்தியின் உடை மட்டும் இளஞ்சிவப்பு. லூவ்ரில் எல்லோருக்கும் வெள்ளை. கண்டுபிடித்ததும் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையனிடம் சைகையால் காட்டினேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

இந்த ஊர் டென்னிஸ் கூடத்தில் 1789-இல் மக்கள் பிரதிநிதிகள் எடுத்த உறுதிமொழியை வரைய தாவீத் போட்ட திட்டம் மட்டும் தோற்றது. ஆளுக்கு 24 லீவ்ர், 3,000 சந்தாதாரர், ஆக 72,000 லீவ்ர் என்று சீட்டுக் கம்பெனி போலக் கணக்குப் போட்டார். பணம் சேரவில்லை. அதற்குள் படத்தில் நாயகர்களாக நின்றவர்களில் பலர் துரோகிகள் ஆகிவிட்டார்கள். சிலர் தலை போயிற்று. கித்தானில் சுண்ணக்கோட்டில் நிர்வாண உடல்கள், அவற்றின் மேல் முடித்த முகங்கள் நாலே நாலு. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் நான் முதன்முதலில் பார்த்த தாவீத், இந்தத் திட்டத்துக்காக அவர் போட்ட வரைகோடுதான். கால்வலி, திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள், சனி

காலையில் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஈழத்தமிழர் கடை ஒன்றில் இடியாப்பமும் சொதியும். அங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பிரஸ்ஸல்ஸ்.

அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் நேராக மாராவிடம் போனேன். 165-க்கு 128 சென்டிமீட்டர். லூவ்ரின் ராட்சதப் படங்களைப் பார்த்த கண்ணுக்கு இது கைக்குட்டை. படத்தின் மேல்பாதி முழுக்க ஒன்றுமே இல்லை, இருண்ட வெறுஞ்சுவர். கீழே குளியல் தொட்டியில் சாய்ந்து கிடக்கும் உடல். 1793 ஜூலை 13 அன்று ஷார்லோத் கோர்தே என்ற பெண் குத்திக் கொன்ற புரட்சிப் பத்திரிகையாளர் மாரா. ஒரு கையில் அவளுடைய கடிதம், தரையில் கத்தி, தொங்கும் மறுகையில் இன்னும் இறகுப் பேனா. விரிப்பில் ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கிறது. ஒட்டின் தையல்வரை வரைந்திருக்கிறார். நவம்பரில் தேசிய மன்றத்தில் இதைக் கொடுத்தபோது தாவீத் ஊதியம் பேசவில்லை. முன்னால் நிற்கும் மரப்பெட்டியில் "மாராவுக்கு, தாவீத்", கீழே புரட்சி நாள்காட்டிப்படி "ஆண்டு இரண்டு". கல்வெட்டு மாதிரி.

அந்தப் பெட்டியின் மேல் இருக்கும் பொருளைத்தான் நான் அரைமணி நேரம் பார்த்தேன். மைக்கூடு, இன்னொரு இறகு, ஒரு குறிப்புச் சீட்டு, அதன் மேல் ஒரு பணத்தாள். ஐந்து குழந்தைகளின் தாய்க்கு, நாட்டைக் காக்கப் போய்க் கணவரை இழந்தவளுக்கு, இந்தப் பணத்தாளைக் கொடுங்கள் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. அசிஞ்ஞா என்று அந்தத் தாளுக்குப் பெயர். திருச்சபையிடமிருந்து பறித்த நிலத்தை ஈடாகக் காட்டிப் புரட்சி அரசு அச்சடித்தது. அச்சடித்தார்கள், அச்சடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாரா செத்த மாதத்தில் அந்தத் தாள் முகமதிப்பில் பாதிகூடப் பெறவில்லை. 1796 பிப்ரவரியில் அச்சுத் தகடுகளைப் பாரிஸின் வாந்தோம் சதுக்கத்தில் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துப் போட்டார்கள். அந்த ஐந்து குழந்தைகளின் தாய் அதை அன்றைக்கே செலவழித்திருந்தால் பிழைத்தாள்.

தகடு உடைந்த அதே மாதத்தில் நிதியமைச்சராக வந்து உட்கார்ந்தவர் ஒருவர். அடுத்த ஆண்டு அரசுக் கடன் பத்திரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் பொறுப்பேற்று, மீதி இரண்டு பங்குக்குச் செல்லாக்காசு போன்ற சீட்டைக் கொடுத்துக் கைகழுவினார். இவரும் அரசரைக் கொல்ல வாக்களித்தவர். தாவீத்தோடு இவரும் பிரஸ்ஸல்ஸுக்கு ஓடிவந்தார். பெயர் ரமெல் த நொகாரே. நேற்று முன்தினம் துரூஓவில் பெயரை மட்டும் குறித்துவைத்திருந்தேன். மகள் போனில் வரலாற்றைப் படித்துச் சொல்லச் சொல்ல, இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பங்கு திவால் போட்ட அமைச்சரின் முகத்துக்குத்தான் 72 லட்சம் டாலர்.

இனி மாராவின் விலையைச் சொல்ல வேண்டும். ரோபஸ்பியர் விழுந்த பிறகு 1795-இல் மன்றம் படத்தைத் தாவீத்திடமே திருப்பிக் கொடுத்தது. அவர் அதை வெளியே காட்டாமல் வைத்திருந்தார். 1826 ஏலத்தில் குடும்பம் விற்கப் பார்த்தது. ரெக்காமியே போனாள், மாரா போகவில்லை. யார் வீட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள்? மன்னராட்சி நடக்கிற நாட்டில் அரச விரோதியின் பிணத்தை வாங்கி என்ன செய்வது? பின்னாலும் விற்க முயன்றார்கள், நடக்கவில்லை. பரம்பரையில் கைமாறி, கடைசியில் தாவீத்தின் பேரன் இந்த அருங்காட்சியகத்துக்குச் சும்மா கொடுத்தார். 1893-இல் இங்கே வந்து சேர்ந்தது. தாவீத் பட்டறை எடுத்த நகல்கள் தனியே திஜோனிலும் ரேன்ஸிலும் இருக்கின்றன. அசலுக்கு மட்டும் விலை என்று ஒன்று இன்றுவரை விழவில்லை.

அருகில் 'வீனஸ் ஆயுதம் களையும் மார்ஸ்'. நாடுகடந்த கிழவர் 1824-இல் முடித்த கடைசிப் பெரும்படம். நீலமும் இளஞ்சிவப்பும் சர்க்கரைப் பாகு மாதிரி பளபளக்கின்றன. எனக்குத் திகட்டியது. ஆனால் இதையும் பாரிஸுக்கு அனுப்பி டிக்கெட் போட்டுக் காட்டிக் காசு பார்த்தார். பெர்லினுக்கு வந்துவிடுங்கள் என்று பிரஷ்ய அரசர் அழைத்தபோதும் போகவில்லை. மாணவர்கள் மன்னிப்பு வாங்கித் தரப் பாடுபட்டார்கள், அதையும் கேட்கவில்லை. வந்த ஊரிலேயே சக அகதிகளின் முகங்களை வரைந்துகொண்டிருந்தார்.

ஆறாம் நாள், ஞாயிறு

எவேர் பகுதியில் பிரஸ்ஸல்ஸ் நகர இடுகாடு. பஸ்ஸில் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூங்கொத்தோடு ஏறிய கிழவிகள் எல்லோரும் அங்கேதான் இறங்கினார்கள்.

நாடகம் பார்த்துவிட்டு வந்த தாவீத் மீது வண்டி மோதியது. அதன் பிறகு உடம்பு தேறவில்லை. முதலில் வேறோர் இடுகாட்டில் வைத்தார்கள். அது மூடப்பட்டதால் 1882-இல் இங்கே கொண்டுவந்தார்கள். வாட்டர்லூவில் மடிந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு 1890-இல் எழுப்பிய பெரிய நினைவுச் சின்னமும் இதே இடுகாட்டில்தான் இருக்கிறது. நெப்போலியனை வீழ்த்தியவர்களும் நெப்போலியனுக்கு முடிசூட்டிப் படம் போட்டவரும் கூப்பிடு தூரம்.

காவலாளியிடம் தாளில் பெயரை எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "ஓவியரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "உறவா?" என்றார். சிரிக்காமல்தான் கேட்டார். தொழில்முறைத் தொடர்பு என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கூடவே நடந்து வந்து வழி காட்டினார்.

கல்லின் மேல் பாசி. பெயர் நன்றாகப் படிக்க முடிகிறது. குனிந்து கையால் தட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். பத்து நிமிடம் நின்றேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்த கிழவி தண்ணீர்க் குவளையை நிரப்பித் தரச் சொன்னாள், நிரப்பிக் கொடுத்தேன்.

இன்றைய செலவு: பஸ் போக வர, ஒரு சாமந்திக் கொத்து 6 யூரோ. உடலைப் பார்க்கவும் கட்டணம் இல்லை.